இன்னும் 47 நாள் இருக்கே!

எங்க வீட்டு காலண்டர்ல நவம்பர் 14-ஐச் சுத்தி அப்பா சிவப்புப் பேனாவால ஒரு வட்டம் போட்டு வச்சிருந்தார். அக்காவுக்கு டாக்டர் குறிச்சுக் கொடுத்த தேதி. முதல் பிரசவம். குழந்தைகள் தினம் வேற, கேக்கணுமா! "பையனா இருந்தா ஜவகர், பொண்ணா இருந்தா இந்திரா"ன்னு அத்தான் போன்ல கிண்டல் பண்ணிட்டு இருந்தார்.

எங்க வீட்ல எல்லாமே அந்த வட்டத்தை நம்பித்தான் ஓடிட்டு இருந்துச்சு. அத்தான் ஓசூர்ல வேலை பார்க்கிறார், நவம்பர் 10-லேர்ந்து லீவு சொல்லியிருந்தார். அப்பா அக்டோபர் மாசம் சீட்டு எடுக்கிறதா ஏற்பாடு. அம்மா, தீபாவளி முடிஞ்சதும் பழைய பருத்திச் சேலையெல்லாம் வெந்நீர்ல துவைச்சு எடுத்து வைக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. நான்? என் செமஸ்டர் பரீட்சையும் நவம்பர்லதான். பரீட்சை முடியறதுக்குள்ள குழந்தை வந்துடுமோன்னு நினைச்சது மட்டும்தான் என் கவலை. (என்ன ஒரு சித்தி பாருங்க!)

போன வருஷம் செப்டம்பர் 28. ஆவணி மாசம் ஏழாம் மாச வளைகாப்பு முடிச்சு அக்காவைக் கோவில்பட்டிப் பக்கம் இருக்கிற எங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்து ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. அன்னைக்குக் காலையில சிவகாசியில ஒரு துஷ்டி. அம்மாவும் அப்பாவும் கிளம்பிட்டாங்க. மாசமா இருக்கிற பிள்ளை துஷ்டி வீட்டுக்குப் போகக்கூடாது. அதனால வீட்ல அக்கா, ஆச்சி, நான் மூணு பேர்தான்.

பத்தரை மணி இருக்கும். இடுப்பு வலிக்குதுன்னா அக்கா. ராத்திரி சரியாப் படுக்கலை போலன்னு நினைச்சோம். ஆச்சி அடிவயித்துல விளக்கெண்ணெய் தடவிவிட்டு, "ஏட்டி, இது சூட்டு வலி. சீரகக் கஷாயம் போட்டுத் தாரேன், குடிச்சா போயிரும்"னாங்க. ஆச்சி எட்டுப் பிள்ளை பெத்தவங்க. நான் பி.காம். மூணாவது வருஷம். யார் பேச்சு எடுபடும்னு நீங்களே சொல்லுங்க.

கஷாயம் குடிச்சா. கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. திரும்ப வந்துச்சு. ரெண்டாவது டம்ளர். திரும்பவும் வந்துச்சு. பன்னிரண்டரைக்கு அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கை நிறைய போட்டிருந்த கண்ணாடி வளையல் சுவத்துல உரசி சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டுத்தான் புத்தகத்துலேர்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோமா?"

"போடி, இன்னும் 47 நாள் இருக்கே!"

இதுதான் அக்கா சொன்னது. நானும் நம்பினேன். எனக்கு இன்னைக்கு வரைக்கும் உறுத்துறது அதுதான். எனக்குக் கணக்கு தெரியும், தேதி தெரியும், தேதி இன்னும் வரலை. அதனால வந்திருக்கிறது பிரசவ வலியா இருக்க முடியாது. அவ்வளவுதான் என் லாஜிக்.

சும்மா இருக்கவும் முடியலை. கையில இருந்த காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டோட கடைசிப் பக்கத்துல அக்கா முகம் சுளிக்கிற நேரத்தையெல்லாம் எழுத ஆரம்பிச்சேன். 12.48. 1.00. 1.11. 1.20. 1.30. எழுதி முடிச்சுப் பார்த்தப்போ வயித்துல என்னமோ பண்ணுச்சு. எங்கேயோ தாறுமாறா வர்ற வலின்னா இப்படிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பஸ் மாதிரி வருமா? அதுக்குள்ள பாத்ரூம் போயிட்டு வந்த அக்கா என் காதுல மட்டும் சொன்னா, "ரத்தம் மாதிரி லேசா படுது."

அப்பாவுக்கு போன் போட்டேன். எடுக்கலை. துஷ்டி வீட்ல சைலன்ட்ல வச்சிருப்பார். அம்மாகிட்ட போனே கிடையாது. முக்குல நிக்கிற ஆட்டோவைக் கூப்பிட்டு, அக்காவோட செக்கப் நோட்டு, ஒரு துண்டு, ஒரு சேலை எல்லாத்தையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில திணிச்சுக் கிளம்பினோம். எங்க ஏற்பாடெல்லாம் அந்தப் பைக்குள்ள அடங்கிடுச்சு.

வழக்கமா காட்டுற சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துட்டு, "வாய் ரெண்டு சென்டிமீட்டர் திறந்திருக்கு. பனிக்குடம் உடையலை. ஆனா இது வலிதான். 33 வாரக் குழந்தையைப் பார்த்துக்க இங்க வசதி இல்லை. திருநெல்வேலி கொண்டு போயிடுங்க"ன்னு சொல்லிட்டு 108-க்கு அவங்களே போன் பண்ணாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அங்க இருந்த நர்ஸ் ஒருத்தங்க அக்காவுக்கு ஒரு ஊசி போட்டாங்க. சரியா மூணு மணி. ஊசி பேரையும் நேரத்தையும் சீட்டுல எழுதி என் கையில கொடுத்து, "இதைத் தொலைச்சிடாத, அங்க போனதும் முதல்ல இதைக் காட்டு"ன்னாங்க. வலிக்கு ஏதோ போடுறாங்கன்னுதான் நாங்க நினைச்சோம். தேங்க்ஸ் கூடச் சொல்லலை.

திருநெல்வேலி வர்ற வரைக்கும் அக்கா இடது பக்கம் சாய்ஞ்சு படுத்து என் கையைப் பிடிச்சுட்டு இருந்தா. ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்டா. "நான் என்ன தப்புடி பண்ணேன்?"

பெரிய ஆஸ்பத்திரியில டிரிப் போட வளையலைக் கழட்டச் சொன்னாங்க. பிரசவம் முடியற வரைக்கும் வளையலைக் கழட்டக்கூடாதுங்கிறது எங்க ஆச்சி சட்டம். அதுவரைக்கும் அழாத அக்கா அப்போதான் அழுதா. ஒவ்வொண்ணா கழட்டினாங்க, ரெண்டு உடைஞ்சது, மீதி பத்தொன்பதை என் கைக்குட்டையில முடிஞ்சு வாங்கிட்டு வெளிய வந்தேன். அதோட கதவைச் சாத்திட்டாங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தாங்க. அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எப்போ வலி ஆரம்பிச்சது?" பத்தரைன்னு சொல்ல நாக்கு வரலை. சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ராத்திரி டியூட்டி டாக்டரம்மா வெளிய வந்தாங்க. நான் கொடுத்த சீட்டு அவங்க கையில இருந்துச்சு. "அங்கேயே ஊசி போட்டு அனுப்பியிருக்காங்களே, ரொம்ப நல்ல வேலை. இன்னும் மூணு ஊசி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. வலியைக் கொஞ்சம் தள்ளிப்போட மாத்திரை கொடுத்திருக்கோம். ரெண்டு நாள் தள்ளினா பிள்ளைக்கு நல்லது. ஒரு நாள் தள்ளினாலும் லாபம்தான்"னாங்க.

எதுக்கும்மா அந்த ஊசின்னு கேட்டேன். அவங்க சொன்னதையும், அப்புறம் நானா தேடிப் படிச்சதையும் சேர்த்து இங்க எழுதறேன். இந்தப் பதிவையே அதுக்காகத்தான் எழுதறேன்.

குறைமாசக் குழந்தைக்கு முதல் கண்டம் மூச்சு. நுரையீரல்ல இருக்கிற குட்டிக் குட்டிக் காற்றறைகள், நனைஞ்ச பாலிதீன் கவர் மாதிரி உள்பக்கம் ஒட்டிக்கும். ஒட்டாம இருக்க சோப்பு மாதிரி வழுவழுப்பான ஒரு பொருள் அங்க சுரக்கணும். சர்ஃபாக்டன்ட்னு பேர். வயித்துல இருக்கிற கடைசி சில வாரங்கள்லதான் அது போதுமான அளவுக்கு வரும். குறைமாசக் குழந்தைங்க மூச்சுத்திணறி இறக்கிறதுக்கு இது இல்லாததுதான் காரணம்னு அமெரிக்காவுல மேரி எலன் ஏவரிங்கிற டாக்டரம்மா 1959-ல கண்டுபிடிச்சாங்க.

காரணம் தெரிஞ்சாலும் வைத்தியம் உடனே வந்துடலை. 1963 ஆகஸ்ட்ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னாடியே பிறந்தான். பேர் பேட்ரிக். எடை சுமார் 2.1 கிலோ. உலகத்துல இருக்கிற எந்த டாக்டரையும் கூப்பிட முடிஞ்ச அப்பா. 39 மணி நேரம்தான் அந்தக் குழந்தை இருந்துச்சு. இதே மூச்சுக் கோளாறு.

அடுத்த கதை ஆட்டுக்கொட்டகையில. நியூசிலாந்துல ஆக்லாந்து ஊர்ல கிரஹாம் லிகின்ஸ்னு ஒரு மகப்பேறு டாக்டர். பிரசவ வலியை ஆரம்பிச்சு வைக்கிறது தாயா குட்டியான்னு அவருக்கு ஒரு கேள்வி. செம்மறி ஆடுகளை வச்சு ஆராய்ச்சி பண்ணார். வயித்துக்குள்ள இருக்கிற குட்டிக்கு ஒரு ஹார்மோனைக் கொடுத்தா வலி சீக்கிரமே வருதுன்னு தெரிஞ்சது. ஆனா அவர் எதிர்பார்க்காத ஒண்ணும் நடந்துச்சு. பிழைக்கவே முடியாத அளவுக்குச் சீக்கிரம் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுட்டு இருந்துச்சு! நுரையீரலைப் பார்த்தா, திறக்கக்கூடாத நேரத்துல பாதி திறந்திருந்துச்சு. அந்த ஹார்மோன் நுரையீரலை அவசர அவசரமா முதிர வச்சிருக்கு.

அவரும் ராஸ் ஹவிங்கிற குழந்தை டாக்டரும் சேர்ந்து 282 தாய்மார்கள்கிட்ட இதைச் சோதிச்சு 1972-ல வெளியிட்டாங்க. முன்கூட்டியே வலி வந்த அம்மாக்கள்ல, ஊசி போடாதவங்க குழந்தைகள்ல நூத்துக்கு 15 பிறந்த சில நாள்லயே இறந்துச்சு. ஊசி போட்டவங்க குழந்தைகள்ல நூத்துக்கு மூணு. இவ்வளவு தெளிவா இருந்தும் இது உலகம் முழுக்கப் பழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் இந்தியா உட்பட ஐந்து நாடுகள்ல 2,852 தாய்மார்களை வச்சு உலக சுகாதார நிறுவனம் பண்ண சோதனையோட முடிவு 2020-ல வந்துச்சு. ஊசியோட பலன் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சதால சோதனையையே முன்கூட்டி நிறுத்திட்டாங்க.

அந்த மருந்து பேர் டெக்ஸாமெத்தசோன். கொரோனா சமயத்துல எல்லார் வாயிலயும் அடிபட்டதே, அதேதான். விலை ரொம்பக் குறைவு. 1963-ல வெள்ளை மாளிகைக்குக் கிடைக்காதது, எங்க ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில மேஜை டிராயர்ல இருந்துச்சு. நேரத்துக்கு எடுத்துப் போடணும்னு ஒரு நர்ஸுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

ஒரே ஒரு கண்டிஷன். பிறக்கிறதுக்கு முன்னாடி போடணும், வேலை செய்ய மணிக்கணக்குல நேரமும் வேணும். அப்போ சீரகக் கஷாயத்துல போன எங்க நாலு மணி நேரத்தை நினைச்சுப் பாருங்க.

சரி, கதைக்கு வரேன். அதிகாலை மூணு மணிக்கு ரெண்டாவது ஊசி. மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு மூணாவது. அதுக்கு மேல மாத்திரை பேச்சு எடுபடலை. செப்டம்பர் 29 ராத்திரி 9.40-க்கு எங்க பாப்பா பிறந்தா. 46 நாள் முன்னாடி. எடை 1 கிலோ 720 கிராம். கதவுக்கு வெளிய நின்ன எங்களுக்குப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. "அழுதுட்டா"ன்னு அப்பா சொன்னார். சொல்லிட்டு அவர்தான் அழுதார்.

ஒரு நாள் மட்டும் மூக்குல குழாய் வச்சுக் காத்தழுத்தம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் அவளே மூச்சு விட்டா. ஆனா சப்பிக் குடிக்கத் தெரியலை. சப்பி, விழுங்கி, மூச்சு விட்டு, மூணையும் சேர்த்துச் செய்யற பழக்கம் 34 வாரம் வாக்குலதான் வருமாம். முதல்ல டியூப். அப்புறம் பாலாடை. ஆமா, நம்ம வீட்ல மருந்து புகட்டுற அதே பாலாடைதான். இந்த ஒரு விஷயத்துல ஆச்சிதான் எங்க எல்லாருக்கும் வாத்தியார். ஒரு சொட்டு சிந்தாம புகட்டுவாங்க.

மூணாம் நாள் அத்தானோட அம்மா பார்க்க வந்தாங்க. "பப்பாளி ஏதும் தின்னியா? மாடிப்படி ஏறினியா?" பாசத்துலதான் கேட்டாங்க, இல்லைங்கலை. அக்கா தலையைக் குனிஞ்சுட்டே இருந்தா. அந்த நேரம் பார்த்து ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா நின்னு, அத்தைகிட்ட இல்லை, அக்காகிட்ட சொன்னாங்க. "சிலருக்கு சிறுநீர்த் தொற்று இருக்கும், சிலருக்கு ரெட்டைப் பிள்ளை, சிலருக்குக் கர்ப்பப்பை வாய் சின்னதா இருக்கும். நிறைய பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியறதில்லை. உனக்கும் எதுவும் தெரியலை. நீ படி ஏறினதால வரலை. உன் தப்பு எதுவுமே இல்லை." ஆம்புலன்ஸ்ல நான் பதில் சொல்லத் தெரியாம முழிச்ச கேள்விக்கு அதுதான் பதில். அன்னைக்கு ராத்திரிதான் அக்கா ஒழுங்காத் தூங்கினா.

அதுக்கப்புறம் கங்காரு முறை. கொலம்பியா நாட்டுல பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில 1970-களோட கடைசியில இன்குபேட்டர் பத்தாம, குழந்தையைத் தாயோட நெஞ்சுல தோலோடு தோல் ஒட்டி வச்சுக் கட்டச் சொன்னாங்களாம். வழி இல்லாம ஆரம்பிச்சது. இப்போ 2022-லேர்ந்து, பெரிய பிரச்சினை இல்லாத குறைமாசக் குழந்தைக்குப் பிறந்த உடனே இதை ஆரம்பிக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அக்காவுக்கு ஒரு நாள் காய்ச்சல். "வீட்ல வேற யாராவது பொம்பளைங்க வச்சுக்கலாம்"னு சிஸ்டர் சொன்னாங்க. அம்மா சாப்பாடு எடுக்கப் போயிருந்தாங்க. நான்தான் இருந்தேன்.

கையை முழங்கை வரைக்கும் கழுவிட்டு உட்கார்ந்தேன். நெஞ்சுல வச்சுக் கட்டிவிட்டாங்க. என் காஸ்டிங் புத்தகத்தைவிட கனம் கொஞ்சம்தான் கூட இருப்பா. அவளோட இதயம் எவ்வளவு வேகமா அடிச்சுது தெரியுமா! ரெண்டு மணி நேரம் அசையவே இல்லை நான். காலேஜ்ல அன்னைக்கு இன்டர்னல் டெஸ்ட். போகட்டும்.

பத்தொன்பது நாள் கழிச்சு 1 கிலோ 860 கிராமோட வீட்டுக்கு வந்தா. நேத்தோட ஆறு மாசம் முடிஞ்சுது. ஆனா டாக்டர் கணக்குல அவளுக்கு நாலரை மாசம்தான். வளர்ச்சியைப் பார்க்க நவம்பர் 14-லேர்ந்துதான் எண்ணணுமாம். அப்பாவோட சிவப்பு வட்டம் கடைசியில இதுக்காவது பயன்பட்டுச்சு.

அந்த வட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கடைசி மாதவிலக்கோட முதல் நாள்லேர்ந்து 280 நாள், அதுதான் அந்தத் தேதி. அதே நாள்ல பிறக்கிற குழந்தைங்க நூத்துக்கு நாலஞ்சுதான். 37 வாரம் முடியறதுக்குள்ள பிறக்கிறதுங்க உலகத்துல பத்துக்கு ஒண்ணு. 2020-ல மட்டும் 1 கோடியே 34 லட்சம், அதுல இந்தியாவுல சுமார் 30 லட்சம். எஸ்டிமேட் வேற, ஆக்சுவல் வேறன்னு மூணு வருஷமா படிக்கிற எனக்கு இது உறைக்கலை பாருங்க.

உங்க வீட்ல யாராவது மாசமா இருந்தா தேதியைப் பார்க்காதீங்க. வலி விட்டு விட்டு ஒரே இடைவெளியில வந்தா, இடுப்புல ஆரம்பிச்சு முன்னாடி வந்தா, தண்ணியோ ரத்தமோ பட்டா, பிள்ளை துடிப்பு குறைஞ்சா, உடனே கிளம்புங்க. சூட்டு வலியா இருந்தா திரும்பி வந்துடலாம், ஆட்டோக் காசு மட்டும்தான் நஷ்டம். செக்கப் நோட்டு, பிக்மி நம்பர், ரத்த வகை, ரெண்டு துணி, இதெல்லாம் ஏழாம் மாசமே ஒரு பையில இருக்கட்டும். குறைமாசக் குழந்தையைப் பார்க்கிற வசதி எந்த ஆஸ்பத்திரியில இருக்குன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

போன மாசம் பாப்பாவைத் தூக்கிட்டு அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில அரை கிலோ லட்டு. அந்த நர்ஸைக் கண்டுபிடிச்சு அக்கா எல்லாத்தையும் சொன்னா. அவங்களுக்கு எங்களை ஞாபகமே இல்லை. "அப்படியாம்மா? இந்த மாதிரி அடிக்கடி வருவாங்க, போட்டு அனுப்புவோம்"னு சொல்லிட்டு பாப்பா கன்னத்தைத் தட்டினாங்க. உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டாங்க. ஒரு லட்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.